தூசிக்கு முந்தானை போதுமா?

ஆனி பிறந்துவிட்டால் புளியங்குடியில் காற்றைப் பற்றித்தான் பேச்சு. மேற்கே மலையிலிருந்து இறங்கி வருகிற காற்று, கொடியில் காயும் துணியைக் கொண்டு போய் அடுத்த தெரு வேலியில் மாட்டிவிடும். சாரல் வரப் போகிறது என்று நாம் சந்தோஷப்படுகிற அதே காற்று, தெருவில் யாராவது வீடு கட்ட ஆரம்பித்துவிட்டால் வேறொரு வேலையும் செய்யும். எம்-சாண்ட் குவியலைக் கிளப்பி, டைல்ஸ் அறுக்கிற வெள்ளைப் புகையையும் சேர்த்துக்கொண்டு, நாலு வீடு தள்ளித் தொட்டிலில் தூங்கும் குழந்தையின் முகத்தில் கொண்டு போய்க் கொட்டும்.

நாங்கள் மாடியில் இரண்டு அறை எடுத்தபோது பக்கத்து வீட்டுப் பெண் எட்டு மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"மதினி, பிள்ளைக்கு நாலு நாளா இருமல். சன்னலத் தொறந்தா மாவு சலிச்ச மாதிரி வந்து கொட்டுது. அத்தான் ஏதோ காத்துச் சுத்தம் பண்ற மிஷின் வாங்கலாம்னு சொல்லுதாவ. வாங்கவா, வேண்டாமா?"

அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டே மாடியைப் பார்த்தேன். அங்கே சித்தாளம்மா முந்தானையால் மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு சிமெண்ட் மூட்டையைப் பிரித்துக் கொட்டிக்கொண்டிருந்தார். "இப்படிக் கட்டினால் போதுமா?" என்று கேட்டேன். "பழகிப் போச்சுக்கா. இருவது வருசமா இந்த மண்ணுலதான கெடக்கோம்" என்று சிரித்தார்.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்பார்கள். கம்பி எத்தனை டன், சிமெண்ட் எத்தனை மூட்டை என்று கணக்குப் பார்க்கிற நாம் தூசிக்குக் கணக்கு வைப்பதில்லை. அன்றுதான் அதைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தேன். தெரிந்துகொண்டதை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

கண்ணுக்குத் தெரியாததுதான் பொல்லாதது

தூசி என்றால் கண்ணை உறுத்துவது, தலையில் படிவது என்றுதான் நினைக்கிறோம். உண்மையில் கண்ணுக்குத் தெரிகிற பெரிய தூசி அவ்வளவு மோசமில்லை. அதை மூக்கு பிடித்துவிடும். சளியாகவோ தும்மலாகவோ வெளியே வந்துவிடும்.

மூக்கை ஏமாற்றி உள்ளே போவது பொடித் தூசி. நம் தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 50 முதல் 70 மைக்ரான். ஒரு மில்லி மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். நுரையீரலின் அடி ஆழம் வரை இறங்கும் தூசியோ 4 மைக்ரானுக்கும் குறைவானது. மணல் குவியலைக் காட்டிலும், கல்லையும் காங்கிரீட்டையும் மிஷினால் அறுக்கும்போதும் துளைக்கும்போதும்தான் இது அதிகம் உண்டாகிறது. பெரிய தூசி கீழே படிந்த பிறகும் இது மணிக்கணக்கில் காற்றில் மிதந்துகொண்டிருக்கும். "புகை அடங்கிட்டு, வாங்க" என்று கொத்தனார் கூப்பிடுகிற நேரத்தில் காற்று சுத்தமாகிவிட்டதாக நினைக்க வேண்டாம்.

கட்டிட வேலைத் தூசியில் சிலிகா என்ற பொருள் கலந்திருக்கிறது. மணல், ஜல்லி, கிரானைட், செங்கல், காங்கிரீட், டைல்ஸ் எல்லாவற்றிலும் அது உண்டு. கல்லாக இருக்கிற வரை அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. பொடியாகி மூச்சோடு போனால் நுரையீரலில் தங்கி அங்கே தழும்பை உண்டாக்கும். வருஷக்கணக்கில் தழும்பு கூடக் கூட நுரையீரல் விறைத்துப் போய் மூச்சு வாங்கும். இந்த நோய்க்கு சிலிக்கோசிஸ் என்று பெயர். வந்த தழும்பைப் போக்க மருந்து கிடையாது. காச நோய் தொற்றவும் இது வழி செய்கிறது. மூச்சோடு போகும் சிலிகாத் தூசி புற்றுநோயையும் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1997-ல் அறிவித்தது.

இது எங்கோ சுரங்கத்தில் வருகிற நோய் என்று தள்ளிவிட முடியாது. நம் குழந்தைகள் கையில் கொடுத்த சிலேட்டுக்குச்சியிலேயே இந்தக் கதை இருக்கிறது. மத்தியப் பிரதேசத்து மண்ட்சோரில் சிலேட்டுக்குச்சி அறுக்கும் பட்டறைத் தொழிலாளர்களை அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் பரிசோதித்தது. பாதிப் பேருக்கு மேல் சிலிக்கோசிஸ். நாம் 'அ' எழுதிப் பழகிய குச்சிக்குப் பின்னால் இத்தனை பேருடைய மூச்சு இருந்திருக்கிறது!

அமெரிக்காவில் 1930-ல் ஹாக்ஸ் நெஸ்ட் என்ற இடத்தில் மலையைக் குடைந்து சுரங்கப் பாதை போட்டார்கள். தண்ணீர் விடாமல் வறட்டுத் துளை போட்டதில் கிளம்பிய தூசியால் 476 பேர் இறந்ததாக அந்நாட்டு நாடாளுமன்ற விசாரணையில் கணக்குச் சொல்லப்பட்டது. சாவு இன்னும் அதிகம் என்று சொல்பவர்களும் உண்டு. அந்தப் பாறையில் சிலிகா மிக அதிகம்.

முதல் வடிகட்டி தண்ணீர்தான்

எந்த முகமூடி வாங்குவது, எந்த மிஷின் வாங்குவது என்று கேட்குமுன் தூசியே கிளம்பாமல் செய்ய முடியுமா என்று பார்க்க வேண்டும். பால் பொங்கிய பிறகு அடுப்பைத் துடைப்பதைவிட, பொங்குமுன் தீயைக் குறைப்பது நல்லதல்லவா?

டைல்ஸையும் கிரானைட்டையும் அறுக்கும்போது அலகின் மேல் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தால் தூசியில் பெரும் பங்கு சேறாகிக் கீழே போய்விடும். தண்ணீர்க் குழாய் இணைத்த கட்டிங் மிஷின் கடைகளில் கிடைக்கிறது, வாடகைக்கும் கிடைக்கும். வேலை பேசும்போதே, "தண்ணி விட்டுத்தான் அறுக்கணும்" என்று மேஸ்திரியிடம் சொல்லிவிடுங்கள். கரண்ட் மிஷினும் தண்ணீரும் சேர்கிற இடம் ஆகையால், கசிவு வந்தால் தானாக அணைகிற சுவிட்சும் எர்த் இணைப்பும் கட்டாயம் இருக்க வேண்டும். தண்ணீர் விடுவதற்கென்று செய்யப்படாத மிஷினில் கையால் தண்ணீர் ஊற்ற விடாதீர்கள்.

மணல் குவியலுக்குத் தார்ப்பாய் போட்டு நாலு மூலையிலும் கல் வையுங்கள். மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் குவியலை வீட்டுக்குக் கிழக்கே கொட்டச் சொன்னால் பாதித் தொல்லை குறையும். ஆனால் கிழக்கு வீட்டுக்காரர்களையும் நினைத்துப் பாருங்கள்; அவர்கள் பக்கம் பச்சை வலை கட்டிவிடுங்கள். சுவரைக் கீறிப் பைப் புதைக்கிற வேலை, பட்டி பூசி உப்புத்தாள் போடுகிற வேலை இரண்டும் பொடித் தூசிக்குப் பேர் போனவை. அந்த இரண்டு மூன்று நாட்கள் குழந்தையை அம்மா வீட்டுக்கு அனுப்ப முடிந்தால் அதைவிட நல்ல வடிகட்டி வேறில்லை.

எந்த முகமூடி?

அடுப்படியில் மாவுக்கு ஒரு சல்லடை, காபிக்கு ஒரு வடிகட்டி வைத்திருக்கிறோம். ரவை சலிக்கிற சல்லடையில் காபி வடிகட்டினால் என்ன ஆகும்? முந்தானை அப்படித்தான். துணியின் இழைகளுக்கு நடுவே உள்ள கண் பொடித் தூசிக்கு வாசல் கதவு மாதிரி. கண்ணுக்குத் தெரிகிற மண்ணைத் தடுக்கும், அவ்வளவுதான். தலையில் கட்டும் துண்டும் கைக்குட்டையும் இதே ரகம்.

கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் போட்டுப் பழகிய நீலநிற முகமூடி டாக்டர்களின் ஆபரேஷன் அறைக்கானது. கன்னத்தோரம் இடைவெளி விடுவதால் தூசி பக்கவாட்டில் புகுந்துவிடும். கட்டிட வேலைக்கு அது உதவாது.

தூசிக்கென்றே செய்யப்பட்டவை இரண்டு வகை.

முதல் வகை என்-95 முகமூடி. 0.3 மைக்ரான் அளவுத் துகளில் நூற்றுக்குக் குறைந்தது 95 பங்கைப் பிடிப்பதால் அந்தப் பெயர். ஐரோப்பிய முறையில் இதற்கு இணையானது எஃப்.எஃப்.பி-2, அது 94 பங்கைப் பிடிக்கும். எஃப்.எஃப்.பி-1 என்றால் 80 பங்கு, எஃப்.எஃப்.பி-3 என்றால் 99 பங்கு. நம் நாட்டுத் தர எண் ஐ.எஸ். 9473. அந்த எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அட்டையில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பெருக்குவது, சிமெண்ட் கொட்டுவது, மணல் சலிப்பது போன்ற வேலைக்கு எஃப்.எஃப்.பி-2 போதும்.

இரண்டாவது வகை, மூக்கையும் வாயையும் மூடுகிற ரப்பர் முகமூடி. இரு பக்கமும் மாற்றக்கூடிய வடிகட்டி பொருத்தியிருக்கும். நாள் முழுக்க டைல்ஸ் அறுப்பவருக்கும் காங்கிரீட் துளைப்பவருக்கும் இதுதான் ஏற்றது. வடிகட்டியில் பி-100 அல்லது பி-3 என்று போட்டிருக்க வேண்டும். முதல் விலை கூடுதல்தான். ஆனால் ரப்பரைக் கழுவித் துடைத்து வருஷக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம்; வடிகட்டியை மட்டும் மாற்றினால் போதும்.

கடைக்காரர் கரி அடைத்த டப்பா ஒன்றைக் காட்டி, "இது இன்னும் ஒசத்தி" என்பார். அது பெயிண்ட், வார்னிஷ் நெடிக்கானது. தூசிக்கு அது பயன்படாது. அதேபோல என்-95 போட்டுக்கொண்டு பெயிண்ட் அடித்தால் நெடி உள்ளே வரத்தான் செய்யும். எதற்கு எது என்று கேட்டு வாங்குங்கள்.

பொருந்தாத முகமூடி வீண்

விலை கொடுத்து வாங்கிய முகமூடி கன்னத்தில் படியாவிட்டால் பயனே இல்லை. காற்றுக்கு எது சுலபமான வழியோ அதில்தான் போகும். வடிகட்டியைச் சுற்றி ஓர் இடுக்கு இருந்தால் தூசி அந்த இடுக்கு வழியே போய்விடும்.

ஆகவே, காதில் மாட்டும் ரகத்தைவிடத் தலையைச் சுற்றி இரண்டு பட்டை போகிற ரகம் மேல். மூக்குத் தண்டின் மேலிருக்கும் கம்பியை இரு கை விரலாலும் அழுத்தி வளைக்க வேண்டும். பிறகு இரு கைகளாலும் முகமூடியை மூடி வேகமாக ஊதிப் பாருங்கள். கண்ணோரமோ கன்னத்தோரமோ காற்று வந்தால் பொருந்தவில்லை என்று அர்த்தம். தாடியும் நாலு நாள் முள்முடியும் இருந்தால் எந்த முகமூடியும் பொருந்தாது. முந்தானையைச் சுற்றிக்கொண்டு அதன் மேல் முகமூடி மாட்டுவதும் வீண். துணி மடிப்பில் இடுக்கு விழும். முகமூடி முதலில், முந்தானை அதற்கு மேல் என்றால் சரி.

பெண்கள் முகம் சிறிது. ஆண்களுக்கென்று அளவெடுத்த முகமூடி சித்தாள் முகத்தில் தொளதொளவென்று நிற்கும். சிறிய அளவு கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. என்-95-ஐத் துவைக்கக் கூடாது. அதன் நடு அடுக்கில் இருக்கும் மெல்லிய இழைகளுக்கு மின்னேற்றம் கொடுத்திருக்கிறார்கள். சீப்பால் தலைவாரிவிட்டுத் துண்டுக் காகிதத்தின் அருகே கொண்டுபோனால் ஒட்டிக்கொள்கிறதே, அந்த மாதிரி அது தூசியை இழுத்துப் பிடிக்கிறது. சோப்பும் தண்ணீரும் பட்டால் அந்தச் சக்தி போய்விடும். பார்க்கப் புதுசாக இருக்கும், வேலை செய்யாது. வியர்வையில் நனைந்தாலோ, கிழிந்தாலோ, மூச்சிழுக்கக் கஷ்டமாக இருந்தாலோ மாற்றிவிட வேண்டும்.

சித்தாளுக்கு யார் வாங்கிக் கொடுப்பது?

நாம்தான்! தினமும் டீக்கும் வடைக்கும் கணக்கு வைப்பதில்லையா? அதில் இதையும் சேர்த்தால் குறைந்துவிட மாட்டோம். நாம் அந்தத் தூசியில் சில மாதம் இருப்போம். அவர்கள் இந்த வீடு முடிந்து அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு என்று ஆயுள் முழுக்க அதிலேயே இருப்பார்கள். வேலை நேரமாகிய 8 மணிக்கு ஒரு கன மீட்டர் காற்றில் சராசரி 50 மைக்ரோகிராம் சிலிகாவுக்கு மேல் இருக்கக் கூடாது என்று அமெரிக்கா 2016-ல் விதி செய்தது. தூள் உப்பில் ஒரே ஒரு மணியின் எடை ஏறக்குறைய அவ்வளவுதான்.

எங்கள் கொத்தனாரின் அண்ணன் குவாரியில் கல்லுடைத்தவராம். இருமலென்று போனபோது இரண்டு முறை டி.பி. மாத்திரை கொடுத்தார்களாம், என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டவரில்லையாம். சிலிக்கோசிஸும் காச நோயும் எக்ஸ்ரேயில் குழப்பும். இரண்டும் சேர்ந்தும் வரும். ஆகவே உங்கள் வீட்டில் யாராவது கல், மண், டைல்ஸ் வேலை பார்ப்பவராக இருந்து, வறட்டு இருமலோ மாடி ஏறினால் மூச்சு வாங்குவதோ இருந்தால், டாக்டரிடம் நோயைச் சொல்லுமுன் தொழிலைச் சொல்லுங்கள். எத்தனை வருஷமாக அந்த வேலை என்பதையும் சொல்லுங்கள். தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-ல் அமைந்தது. உங்கள் வீட்டில் வேலை செய்பவர்கள் அதில் பதிந்திருக்கிறார்களா என்று ஒரு வார்த்தை கேட்டு, இல்லையென்றால் பதியச் சொல்லுங்கள்.

அடுப்படி மேடைக்கு எந்தக் கல்?

இதை நாம்தான் தீர்மானிக்கிறோம். பளபளப்பான செயற்கைக் குவார்ட்ஸ் பலகை இப்போது நாகரிகமாகிவிட்டது. கிரானைட்டில் சிலிகா ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு என்றால் குவார்ட்ஸ் பலகையில் 90 சதவீதத்துக்கு மேலும் இருக்கும். பதித்த பிறகு அதில் காய் நறுக்கலாம், சமைக்கலாம், ஒரு ஆபத்தும் இல்லை. அறுப்பவருக்குத்தான் ஆபத்து. இளம் வயதுத் தொழிலாளர்கள் நோயில் விழுவதைப் பார்த்து ஆஸ்திரேலியா 2024 ஜூலை முதல் இந்தப் பலகைக்குத் தடை போட்டுவிட்டது. நம்மூர் கிரானைட்டே போதும் என்பது என் கட்சி. அதையும் தண்ணீர் விட்டே அறுக்கச் சொல்லுங்கள்.

துணி துவைக்கும் இடத்தில்

வேலைக்குப் போய் வந்தவர் சட்டையை வாசலில் உதறுவதும், அதை நாம் எடுத்து இன்னொரு தரம் உதறுவதும் வழக்கம். இதை இன்றோடு விட்டுவிடுங்கள். 1965-ல் லண்டனில் மியூரியல் நியூஹவுஸ், ஹில்டா தாம்ப்சன் என்ற இரண்டு பெண்மணிகள் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். ஆஸ்பெஸ்டாஸால் வரும் ஒருவகைப் புற்றுநோய், அந்தத் தொழிற்சாலைக்குள் காலே வைக்காத சில பெண்களுக்கும் வந்திருந்தது. விசாரித்தால், கணவரின் வேலை உடுப்பைத் துவைத்தவர்கள்!

பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பிரிக்கும்போது இதை மறக்க வேண்டாம். தகட்டை அறுக்கவோ உடைக்கவோ கூடாது. நனைத்து, முழுசாகக் கழற்றி இறக்க வேண்டும். வேலை உடுப்பைத் தனி வாளியில் நனைய வைத்துத் தனியே துவையுங்கள். குழந்தையைத் தூக்குமுன் அப்பா குளித்துவிட்டு வரட்டும்.

பழைய பெயிண்டைச் சுரண்டும் தூசியில் ஈயம் இருக்கலாம். பெயிண்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. தவழ்கிற குழந்தை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கும். மூளை வளர்ச்சியை ஈயம் கெடுக்கும். பழைய கதவு, சன்னலை வறட்டு உப்புத்தாள் போட விடாதீர்கள். நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

காற்று சுத்தம் செய்யும் மிஷின் வாங்கலாமா?

பக்கத்து வீட்டுப் பெண்ணின் கேள்விக்கு வருகிறேன். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு எந்த முகமூடியும் போடக் கூடாது, மூச்சுத் திணறும். ஆகவே அறையைத்தான் காப்பாற்ற வேண்டும்.

காற்று வரும் பக்கத்து சன்னலை மூடி, கதவிடுக்கில் ஈரத் துணி வையுங்கள். வேலை நிற்கும் நேரத்தில் எதிர்ப்பக்கத்து சன்னலைத் திறந்து காற்றோட்டம் விடுங்கள். விளக்குமாற்றை எடுக்காதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள். சாதாரண வாக்குவம் கிளீனர் பொடித் தூசியைப் பின்பக்கமாகத் திரும்ப ஊதிவிடும். ஏ.சி.யில் இருக்கும் வலை ஒட்டடை அளவுத் தூசிக்குத்தான்.

மிஷின் வாங்குவதானால் 'ஹெப்பா' வடிகட்டி உள்ளதாகப் பாருங்கள். எச்-13 என்றால் நல்லது. 'ஹெப்பா மாதிரி' என்று எழுதியிருந்தால் வாங்காதீர்கள். ஓசோன் விடும் ரகம் வேண்டவே வேண்டாம். நெஞ்சுக்கு அது தனிக் கேடு. மிஷின் எவ்வளவு சுத்தக் காற்று தரும் என்பதை சி.ஏ.டி.ஆர். என்ற எண்ணால் சொல்வார்கள். கணக்கு சுலபம். அறை 10-க்கு 12 என்றால் 120 சதுர அடி. அதில் மூன்றில் இரண்டு பங்கு 80. கூரை 8 அடி என்றால் நிமிஷத்துக்கு 80 கன அடி போதும். நம் வீடுகளில் கூரை 10 அடி. ஆகவே 100 வேண்டும். மீட்டர் கணக்கில் மணிக்கு 170 கன மீட்டர். தூசி அதிகமென்றால் இன்னும் பெரிதாகவே பாருங்கள். மாற்று வடிகட்டியின் விலையை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சன்னல் திறந்திருந்தால் மிஷின் ஓடியும் பயனில்லை.

இதையெல்லாம் சொன்ன பிறகு, "அப்ப மொதல்ல எதச் செய்ய மதினி?" என்றாள். "முதலில் குழந்தையை டாக்டரிடம் காட்டு. இங்கே தண்ணி விட்டு அறுக்கச் சொல்லுறது என் பொறுப்பு" என்றேன். தூசி எங்கள் வீட்டுத் தூசி. அதற்கு அவள் மிஷின் வாங்குவது என்ன நியாயம்?

மேஸ்திரி முதலில், "வேலை இழுக்கும்மா" என்று முகம் சுளித்தார். இரண்டு நாளில் பழகிவிட்டது. சித்தாளம்மாவுக்குச் சிறிய அளவில் முகமூடி வாங்கிக் கொடுத்து, மாட்டி, ஊதிப் பார்க்கவும் சொல்லிக் கொடுத்தேன். வெயிலில் வியர்க்கிறது என்று அவ்வப்போது கழற்றி, நிழலில் நின்று தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

வாரக் கடைசியில் கூலி வாங்கிக்கொண்டு படியிறங்கியவர் திரும்பி வந்தார்.

"அக்கா, இதுல இன்னொண்ணு இருக்குமா? எம் மவ கடையநல்லூர்ல டைல்ஸ் வேலைக்குப் போறா."